சாவி அத்தானின் முதல் செக்கப்

என் அக்காவின் கணவர் லிஃப்ட் மெக்கானிக். லிஃப்ட் கதவை வெளியே இருந்து திறக்கும் சாவி எப்போதும் அவர் பெல்ட்டில் தொங்கும். அதனால் வேலை இடத்தில் அவருக்குப் பெயரே சாவிதான். எனக்கு அத்தான். நான் இருப்பது அவர்கள் வீட்டுக்கு எதிர் வீடு. இரண்டு வீட்டுக் கதவும் திறந்திருந்தால் அங்கே குக்கர் எத்தனை விசில் அடிக்கிறது என்று இங்கிருந்தே சொல்லிவிடுவேன். அதனால் அவர் கதையை யாரிடமும் கேட்டு நான் தெரிந்துகொள்ளவில்லை. கண்ணால் பார்த்ததையும், பார்த்து வயிறெரிந்ததையும்தான் சொல்கிறேன்.

வேலையில் அவ்வளவு சுத்தம். பாதி நாள் மொட்டை மாடி மெஷின் அறையில் கிரீஸ் வாடையோடு, மீதி நாள் லிஃப்ட் குழிக்குள் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு. பொய் சொல்ல மட்டும் வராது. கடன் கேட்டு யாராவது வந்தால் வீட்டில் இல்லை என்று சொல்லச் சொல்லிப் பாருங்கள், உள்ளே இருந்தபடியே "நான் இல்ல" என்று அவரே குரல் கொடுப்பார். அக்கா இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். அப்போதெல்லாம் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள்.

அவருடைய அண்ணன் விஷயத்தில்தான் எல்லாம் ஆரம்பித்தது. அண்ணனுக்கு லேத் பட்டறை இருந்தது. சர்க்கரை இருப்பது தெரிந்தும், இன்சூரன்ஸ் எடுக்கும்போது இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார். பிற்பாடு இதயத்தில் அடைப்பு வந்து ஆஸ்பத்திரியில் படுத்தபோது, எங்கேயோ இருந்த பழைய மருந்துச் சீட்டு ஒன்று கம்பெனிக்காரர்கள் கையில் கிடைத்தது. ஒரு காசு தர மாட்டோம் என்று கையை விரித்துவிட்டார்கள். பட்டறை போயிற்று, பிறகு அண்ணனும் போனார். அத்தான் அந்த ஆஸ்பத்திரி வராந்தாவில் பில் கட்டும் வரிசையில் நின்ற நாட்கள் அவர் மண்டையில் ஆணி அடித்தாற்போல் இறங்கிவிட்டன.

அவருக்கு ஐம்பது நெருங்கியபோது, புதிதாக வேலைக்குப் போன மகள் முதல் சம்பளத்தில் அப்பாவுக்கு ஒரு முழு உடல் பரிசோதனை எடுத்துக் கொடுக்கிறேன் என்றாள். அன்று சாப்பாட்டு மேஜையில் நானும் இருந்தேன். போனில் மூன்று பேக்கேஜ் காட்டினாள். ரத்தம், சிறுநீர் மட்டும் பார்ப்பது ஒன்று. இதயம், ஸ்கேன் எல்லாம் சேர்ந்தது ஒன்று. தலை முதல் கால் வரை ஒன்று.

"பெருசையே எடுத்துக்கோங்கப்பா. உங்க உடம்பை இதுவரைக்கும் யாருமே பார்த்ததில்லையே," என்றாள்.

அத்தான் போனைக் கையில் வாங்கி, கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கிவிட்டு, ஒவ்வொரு வரியாகப் படித்தார். ஏதோ மோட்டார் விலைப் பட்டியல் படிப்பதுபோல. படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"பெருசுதான். ஆனா இப்ப வேண்டாம். முதல்ல இன்சூரன்ஸ். அப்புறம்தான் செக்கப்."

"ஏன்ப்பா?"

"மூடியைத் திறந்தா உள்ள இருக்கறது தெரிஞ்சுடும்மா."

மகளுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது, ஏனென்றால் அவர் தொழில் கதைகளைக் காது புளிக்கக் கேட்டவள் நான். ஒரு கட்டடம் இவர்கள் கம்பெனிக்குப் பராமரிப்பு ஒப்பந்தம் கொடுக்கிறது என்றால், கையெழுத்துக்கு முன்னால் இவர் போய் லிஃப்டைப் பார்க்க வேண்டும். அப்போது கண்ணில் படுகிற கோளாறெல்லாம் கட்டடக்காரர் தலையில். கையெழுத்தான பிறகு தெரியவருவதெல்லாம் கம்பெனி தலையில். கெட்டிக்காரக் குடியிருப்புச் சங்கச் செயலாளர்கள் இவர் வருகிற அன்று "கரண்ட் இல்லப்பா, மேலோட்டமா பார்த்துட்டுப் போ" என்பார்களாம். அப்படி ஒருவர் ஒப்பந்தம் போட்ட மறுமாதமே கயிறு முழுவதையும் இலவசமாக மாற்றிக்கொண்டாராம். அத்தான் இதைச் சொல்லும்போது அந்தச் செயலாளர் மேல் கோபமும் இருக்கும், ஒரு மரியாதையும் இருக்கும்.

அந்த வித்தையைத் தன் உடம்புக்கே வைத்தார். அண்ணன் தெரிந்ததை மறைத்து மாட்டிக்கொண்டார். இவருக்கு மறைக்க வராது. அதனால் தெரிந்துகொள்ளாமலே இருந்துவிடுவது என்று முடிவு கட்டினார். தெரியாததைச் சொல்லாமல் விடுவது பொய்யாகாது அல்லவா?

முகவர் வீட்டுக்கு வந்தார். இந்த வயதுக்குள் எடுத்தால் பரிசோதனை கிடையாது, சீக்கிரம் போட்டுவிடலாம் என்று அவருக்கு அவசரம். உங்களுக்கு ஏதாவது நோய் உண்டா என்று கேட்டார்.

"எனக்குத் தெரிஞ்சு இல்ல," என்றார் அத்தான்.

"இல்லன்னு போட்டுடறேன் சார்."

"வெறும் இல்லன்னு போடாதீங்க. தெரிஞ்சு இல்லன்னு போடுங்க."

"அதுக்கு இதுல இடம் இல்ல சார்," என்று முகவர் தலையில் கை வைத்துக்கொண்டார். கடைசியில் இல்லை என்றுதான் போனது. மூன்று வருடம் காத்திருப்புக் காலம், அதற்குள் பழைய நோய் எதுவும் வெளியே வந்தால் தர மாட்டோம், அதற்குப் பிறகு தருவோம் என்று விளக்கினார். நோய் இருப்பதைச் சொல்லியே எடுத்தால் என்ன ஆகும் என்று அத்தான் கேட்கவில்லை. முகவரும் வாயைத் திறக்கவில்லை. காபியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

அன்றிலிருந்து அத்தான் டாக்டர் வாடையே ஆகாதவராக மாறினார். வேலை இடத்தில் ரத்த தான முகாம் வைத்தார்கள். கூட வேலை செய்பவர்கள் இழுத்துப் போய்ப் படுக்க வைக்க, நர்ஸ் ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியைக் கையில் எடுத்ததும் அவசர வேலை வந்துவிட்டது என்று எழுந்துவிட்டார். உண்மையிலேயே ஓர் அவசர வேலையைத் தேடிப் போய்ச் செய்தாராம், பொய்யாகிவிடக் கூடாதே என்று. பல் வலி வந்து கன்னம் பந்தாக வீங்கியபோது பல் டாக்டரிடம் போனார். பிடுங்குவதற்கு முன் பிரஷர் பார்க்கணும் என்று அவர் சொல்ல, வலித்த பல்லோடேயே திரும்பி வந்தார். கிராம்பை அடக்கிக்கொண்டு பத்து நாள் கஞ்சி குடித்தார்.

காலையில் எழுந்தால் பின்மண்டை கனக்கிறது என்பார். கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்வார். இரண்டாவது வருடத்தில் முகம் உப்பத் தொடங்கியது. மாலையில் சாக்ஸைக் கழற்றினால் கணுக்காலைச் சுற்றி விரல் புதையும் அளவுக்குப் பள்ளம். அக்கா அந்தப் பள்ளத்தைத் தடவிப் பார்த்துவிட்டு என்னைப் பார்ப்பாள். மெஷின் அறைக்கு ஏறும் கடைசி இரும்பு ஏணியில் நடுவிலேயே நின்று மூச்சு வாங்குகிறார் என்று கூட வேலை செய்பவர் அக்காவிடம் சொல்லிவிட்டுப் போனார்.

எனக்கு வாய் நீளம் என்று குடும்பத்தில் பெயர். நான் அந்தப் பெயரைக் காப்பாற்றினேன்.

"அத்தான், உங்க லிஃப்ட்ல இப்படிச் சத்தம் வந்தா ஓட விடுவீங்களா?" என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை கேட்டே விட்டேன்.

"விட மாட்டேன்."

"அப்ப இது?"

"இன்னும் ஒரு வருஷம்தாம்மா. அதுவரைக்கும் இழுத்துட்டா போதும். இவளை நடுத்தெருவுல நிறுத்த மாட்டேன். எங்கண்ணியைப் பார்த்தல்ல?"

பார்த்தேன். அண்ணி இப்போது இன்னொருவர் வீட்டில் சமைத்துக் கொடுத்துப் பிழைக்கிறார். அவர் பயந்தது சாவுக்கு அல்ல, பில்லுக்கு. அந்தப் பயத்தோடு யாரால் மல்லுக்கட்ட முடியும்? அக்கா அழுது பார்த்தாள், சாப்பிடாமல் இருந்து பார்த்தாள். அவர் சமாதானமாக அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அவளுக்கு ஊட்டிவிடப் போனாரே தவிர, டாக்டரிடம் வருகிறேன் என்று மட்டும் சொல்லவில்லை.

காத்திருப்புக் காலம் முடிந்தது. அந்த வாரமே கிளம்பினார். முந்தின நாளே சட்டைக்கு இஸ்திரி போட்டாயிற்று. வெறும் வயிறு, கையில் மகள் பெரிய பேக்கேஜுக்குப் பணம் கட்டி அனுப்பிய கூப்பன். படியில் இறங்கும்போது அவர் முகத்தில் ஒரு பரீட்சையை முடித்த நிம்மதி. அக்காவும் நானும் கூடப் போனோம்.

"இனிமே மூடியைத் திறக்கலாம்," என்று என்னிடம் சொன்னார்.

பரிசோதனைக் கூடத்தில் ஒரு சின்னப் பெண் அவர் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தாள். எண்ணைப் பார்த்தாள். அவிழ்த்து அடுத்த கையில் சுற்றினாள். பிறகு "கொஞ்சம் உட்காருங்க, எழுந்திருக்காதீங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடினாள். அவள் நடந்து போயிருந்தால் எனக்கு அவ்வளவு பயம் வந்திருக்காது. பெரிய பேக்கேஜில் இருந்த மற்ற எதுவும் நடக்கவில்லை. வாசலில் ஆம்புலன்ஸ் வந்து நின்றது.

இரண்டு சிறுநீரகமும் சுருங்கிவிட்டன என்று ஆஸ்பத்திரி டாக்டர் சொன்னார். கெட்ட மனிதரில்லை, நிதானமாகத்தான் பேசினார்.

"பல வருஷமா ரத்த அழுத்தம் இருந்திருக்கு. கடைசியா எப்ப பார்த்தீங்க?"

"பார்த்ததே இல்ல டாக்டர்."

"தலைவலி, வீக்கம் எதுவும் இல்லையா?"

"இருந்தது."

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். "மூணு வருஷம் முன்னாடி வந்திருந்தா தினம் ஒரு மாத்திரை, ரெண்டு மாத்திரையில ஓட்டியிருக்கலாம். இப்ப வாரத்துல மூணு நாள் டயாலிசிஸ் பண்ணியாகணும்."

அத்தானுக்கு அது சரியாகக் காதில் விழவில்லை என்றே நினைக்கிறேன். அவர் மனசு முழுக்க இன்னொரு இடத்தில் இருந்தது. முதல் டயாலிசிஸ் முடிந்து, சாம்பல் பூத்த முகத்தோடு வெளியே வந்ததும், கீழ்த்தளத்தில் இருந்த இன்சூரன்ஸ் மேஜைக்குக் கூட்டிப்போகச் சொன்னார். சக்கர நாற்காலியை நான் தள்ளினேன். அக்கா தண்ணீர் பாட்டிலும் ஃபைலுமாகக் கூட வந்தாள்.

மேஜையில் இருந்த பெண் கணினியைப் பார்த்துவிட்டுச் சொன்னாள். "அப்ரூவ் ஆயிடுச்சு சார். காத்திருப்புக் காலம் முடிஞ்சுடுச்சு, பிரச்சனை இல்ல."

அத்தான் அக்காவைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் மறக்க மாட்டேன். உலகத்தையே ஜெயித்துவிட்டு வந்தவர் மாதிரி இருந்தது. "பார்த்தியா? கையை விட்டு ஒரு காசு போகல," என்றார். அந்தப் பெண்ணிடமும் பெருமையாகச் சொன்னார். "எதுவும் தெரியாமத்தாம்மா எடுத்தேன். மூணு வருஷம் ஒரு டாக்டர்கிட்டப் போகல. பிரஷர்னு தெரிஞ்சிருந்தா நீங்க குடுத்திருக்க மாட்டீங்கல்ல?"

அவள் நல்லெண்ணத்தில்தான் பதில் சொன்னாள்.

"பிரஷருக்கெல்லாம் குடுப்பாங்க சார். இருக்குன்னு எழுதிக் குடுத்தா போதும். பிரீமியம் கொஞ்சம் கூடும். அதுக்கும் இதே மூணு வருஷ காத்திருப்புதான்."

அக்காதான் கேட்டாள். "அப்ப... அந்த மூணு வருஷமும் மாத்திரை சாப்பிட்டிருக்கலாமாம்மா?"

"தாராளமா சாப்பிட்டிருக்கலாம்."

நாற்காலியைச் சுவர் ஓரமாக ஒதுக்கி நிறுத்தினேன். அத்தான் தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார், ஊசி குத்திய இடத்தில் பஞ்சு ஒட்டியிருந்தது. பிறகு என்னை அருகில் வரச் சொல்லி, மெதுவாக, யாருக்கும் கேட்காதபடி சொன்னார்.

"அந்தப் பொண்ணு சின்னப் பொண்ணு. சரியாத் தெரியாமக்கூடச் சொல்லியிருக்கும். நீ போய் இன்னொரு தடவ கேட்டுட்டு வரியா?"

போனேன். இந்த முறை அவள் பக்கத்தில் இருந்த பெரியவரையும் கேட்டுச் சொன்னாள். அதே பதில். நான் திரும்பி வரும்போது தூரத்திலிருந்தே அத்தான் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆமாம் என்று தலையை மட்டும் ஆட்டினேன்.

அவர் அக்காவிடம் திரும்பினார்.

"அப்ப நான் எதுக்கும்மா இத்தன நாள் ஒளிஞ்சுட்டிருந்தேன்?"

கணக்கு எங்கே தப்பியது என்று கேட்கும் பள்ளிப் பிள்ளையின் குரல். நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார். அக்கா ஃபைலைத் தரையில் போட்டுவிட்டு, அவர் முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, போகிற வருகிற அத்தனை பேர் நடுவிலும் வாய்விட்டு அழுதாள்.