ஸ்டெப் எழுதாத அண்ணி

என் அண்ணிக்குக் கணக்கு வராது என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். விடை அவளுக்கு ஜோராக வரும். ஸ்டெப்தான் வராது. ஏதோ ஓர் எண்ணை வைத்துப் பார்ப்பாள், ஒத்துவராவிட்டால் அடுத்தது, பொருந்தியதும் அதை எழுதிவிட்டுப் பேனாவை மூடிவிடுவாள். பத்தாம் வகுப்புப் பரீட்சையில் கணக்கை மட்டும் இரண்டு முறை கோட்டை விட்டது அப்படித்தான்.

நாங்கள் இருவரும் மருந்துக் கம்பெனியில் பெட்டி அடைக்கிறவர்கள். நாள் முழுக்க நின்றே செய்யும் வேலை. அண்ணிக்குக் காலில் நரம்பு சுருண்டு புடைத்து, சாயங்காலம் செருப்புக்குள் பாதம் நுழையாது. இனி நிற்கவே கூடாது என்றார் டாக்டர். உட்கார்ந்து பார்க்கும் சூப்பர்வைசர் இடம் ஒன்று காலியாக இருந்தது. அதற்குப் பத்தாவது தேறியிருக்க வேண்டும். இந்தத் தடவையும் போனால் வெளியாளைப் போட்டுவிடுவோம் என்று மேனேஜர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்.

எனக்கும் அதே கணக்குப் பரீட்சை பாக்கி. அந்த இடம் எனக்கு வேண்டாம், "அம்மா, நீ எத்தனாவது படிச்சே?" என்று என் மகள் கேட்டால் சொல்ல ஒரு பதில் வேண்டும், அவ்வளவுதான். பாத்திரம் தேய்த்துக்கொண்டே அண்ணிக்குச் சொல்லிக்கொடுத்தேன்.

"பதினொண்ணுன்னு எப்படி வந்துச்சு அண்ணி?"

"வந்துச்சு. நீ ஏன் போலீஸ்காரி மாதிரி குடையறே?"

"ஸ்டெப் இல்லேன்னா மார்க்கு இல்ல. தலையில அடிச்சுக்கலாம் போல இருக்கு!"

பரீட்சை அறையில் அவள் எனக்கு முன் பெஞ்சில், சற்றுத் தள்ளி. எழுத்தோ கடைப் பலகை எழுத்து, எனக்கு நன்றாகத் தெரிந்தது. அடுத்தடுத்த இரண்டு இரட்டை எண்களின் பெருக்கற்பலன் 224, அவை மிகை எண்கள், கண்டுபிடி என்பது கேள்வி. மூலையில் உடனே 14, 16 என்று போட்டுவிட்டாள். பிறகு ஸ்டெப் ஆரம்பித்தாள். சமன்பாடு சரி. அடைப்புக்குறிக்குள் வந்ததும் கூட்டலையும் கழித்தலையும் இடம் மாற்றிவிட்டாள். விடை 16, 18 என்று வந்து நின்றது.

இரண்டையும் மாறிமாறிப் பார்த்தாள். பேனா மூலைக்குப் போயிற்று. ஐயோ, சரியானதையே அடிக்கப் போகிறாளே! ஒரு இருமல் போதும். ஆனால் கண்காணிப்பாளர் பக்கத்திலேயே நின்றார். பிடிபட்டால் இரண்டு பேரும் வெளியே. உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அண்ணி அடிக்கவில்லை. ஓரத்தில் 16ஐயும் 18ஐயும் பெருக்கினாள். 288. தலையை ஆட்டிக்கொண்டு, விரலை வைத்து ஒவ்வொரு வரியாக மேலே போனாள். அடைப்புக்குறியில் விரல் நின்றது. நின்றது, நின்றது, நகரவே இல்லை. கடைசி ஐந்து நிமிடம் என்று சொன்னார்கள். சடாரென்று இரண்டு குறிகளையும் மாற்றி, கீழே எல்லாவற்றையும் திரும்ப எழுதினாள். மணி அடித்தது.

முடிவு வந்த அன்று தேறியவர் பட்டியலில் அண்ணியின் எண் இருந்தது. சந்தோஷத்தில் கத்தியே விட்டேன். என் எண்ணைத் தேடியது அவள்தான். இரண்டு தடவை தேடினாள்.

"உனக்கு எல்லாக் கணக்கும் தெரியுமேடி. எப்படிப் போச்சு?"

"உங்க பேப்பரையே பாத்துக்கிட்டு இருந்தேன் அண்ணி. என்னுதை யாரு எழுதறது?"