பெஹாலா மொட்டைமாடியில் ஒரு வாரச் சூரியன்

நேரில் கண்டதையும், கண்டவரிடம் கேட்டு மற்றொருவரிடம் சரிபார்த்ததையும் தவிர வேறெதையும் இங்கே எழுதவில்லை. இது நடை பற்றிய பிடிவாதம் மட்டுமன்று. இப்பயணத்தின் நான்காம் நாள் மாலை, சரிபார்க்கப்படாத ஒரு வாக்கியம் பலர் கூடிய அவையில் சொல்லப்பட இருந்தது. சொல்லப்பட்டிருந்தால் ஒருவர்மீது வீண்பழி விழுந்திருக்கும். என் அக்கா தன் வீட்டைவிட்டு என்னுடன் புறப்பட்டிருப்பாள்.

வியாழன், நண்பகல். 2001ஆம் ஆண்டு ஏப்ரல். நகரம் கொல்கத்தா என்று பெயர் மாறிய சில மாதங்களுக்குள் ஹௌரா நிலையத்தில் இறங்கினேன். சென்னையிலிருந்து, கால அட்டவணைப்படி, 1,662 கிலோமீட்டர். சட்டைப்பையில் திங்கட்கிழமைக்கான திரும்பு பயணச்சீட்டுகள் இரண்டு இருந்தன: ஒன்று எனக்கு, மற்றொன்று அக்காவுக்கு. நகரின் தென்பகுதியில் அக்கா வீடு இருந்த பெஹாலாவுக்கு டாக்ஸிக்குத் தொண்ணூறு ரூபாய் கொடுத்தேன். டயமண்ட் ஹார்பர் சாலையில் டிராமுக்கு வழிவிட்டு நின்ற நேரத்தில் ஓட்டுநர் திரும்பி, "மதராஸா? அங்கேயும் லோட் ஷெட்டிங் உண்டா?" என்று இந்தியில் கேட்டார். மின்வெட்டு உண்டு என்றேன். அவர் முகத்தில் ஒரு நிறைவு தெரிந்தது.

அக்காவுக்கு ஆஸ்துமா. அத்தான் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். திருநெல்வேலியை விட்டு முப்பது ஆண்டுகள் ஆகியும் இருவர் பேச்சிலும் அவ்வூர் குறையவில்லை. எட்டு வீடுகள் கொண்ட அடுக்ககத்தின் முதல் மாடியில் குடியிருந்தனர். அவர்கள் படுக்கையறைச் சன்னலுக்கு நேர்கீழே ஒரு ஜெனரேட்டர் நின்றது. மின்னாக்கி என்று எழுதவே விரும்புவேன். ஆனால் அங்கே அதற்குப் பெயர் ஜெனரேட்டர்தான். அதன் உரிமையாளர் பிமல் பாபு. மின்சாரம் போனால் அந்தப் பொறியை ஓட்டி, அக்கம்பக்கத்துக் கடைகளுக்கும் வீடுகளுக்கும் கம்பி இழுத்து, விளக்குக்கு இவ்வளவு, விசிறிக்கு இவ்வளவு என்று மாதக் கட்டணம் வாங்குவார். அதன் டீசல் புகை நேராக அக்காவின் அறைக்குள் வந்தது. சன்னலை மூடினால் வெக்கை, திறந்தால் இருமல்.

"அந்த எமன் உறுமுறதுக்கு முன்னாடியே எனக்கு மூச்சு முட்டிரும், தம்பி," என்றாள் அக்கா. "கரண்டு போச்சுன்னு தெரிஞ்சாலே போதும்."

பொறியை நகர்த்தச் சொல்ல அங்கே எவரும் துணியவில்லை. காரணம் அச்சமன்று. ஆண்டுதோறும் துர்கா பூஜைப் பந்தலின் நான்கு நாள் விளக்குகளையும் பிமல் பாபு காசு வாங்காமல் எரித்துக் கொடுப்பார். அம்மனுக்கு ஒளி கொடுத்தவரிடம் புகையைப் பற்றி எப்படிப் பேசுவது? ஒரு தொழில் தன்னைக் காத்துக்கொள்ளும் வழிகளுள் இத்தனை இனிமையான ஒன்றை நான் வேறெங்கும் கண்டதில்லை.

அத்தான் வேறு வழியில் இறங்கினார். குடியிருப்போர் சங்கத்திடம் மன்றாடி, மொட்டைமாடியில் நான்கு சூரியத் தகடுகளையும் கீழே மின்கலங்களையும் ஒரு வாரச் சோதனைக்கு நிறுவியிருந்தார். படிக்கட்டு விளக்குகளும் வீட்டுக்கொரு விளக்கும் எரிந்தால் போதும். ஜெனரேட்டர் இணைப்பை அடுக்ககம் கைவிடும், அடுக்ககத்து இடத்தில் நிற்கக் காரணம் இல்லாமல் பொறியும் அவ்விடத்தை விட்டுப் போகும். ஞாயிறு மாலைக் கூட்டத்தில் முடிவு. தோற்றால் அக்கா திங்கட்கிழமை என்னுடன் சென்னைக்கு.

வெள்ளி, மாலை. அத்தான் என்னை மாடிக்கு அழைத்துச் சென்றார். தகடுகள் மேற்கு வெயிலில் மின்னின. சுற்றிலும் கூரைகள், தொட்டிகள், காயும் சேலைகள்.

"மாப்ளே, இங்கேருந்து ஊரோட அந்தக் கோடி சால்ட் லேக் வரைக்கும் எத்தனை மொட்டைமாடி! எல்லாத்துலயும் இது இருந்தா? டிராம் இதுல ஓடும், பம்பு இதுல ஓடும். கரண்டு போச்சுங்கற பேச்சே இருக்காது. ஒருத்தன் விளக்கு எரியறதுக்கு இன்னொருத்தி இரும வேண்டாம்."

அது கற்பனை, கற்பனை என்றே குறிக்கிறேன். ஆயினும் புகைபோக்கியோ கம்பிச் சிடுக்கோ இல்லாத அந்நகரம் ஒரு கணம் என் கண்முன் நின்றது. அதில் எவரும் மெழுகுவத்தி தேடவில்லை.

இறங்கும்போது படிவாசலில் பிமல் பாபு பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தார். அவருடைய வங்காளத்தை அத்தான் எனக்குத் தமிழில் சொன்னார், அண்ணா என்று பொருள்படும் 'தாதா'வை மட்டும் அப்படியே விட்டு. "தாதா, வெயிலுக்கு முதலாளி கிடையாது. முதலாளி இல்லாத சாமான் கெட்டுப்போனா நீங்க யாரைத் திட்டுவீங்க? என்னைத் திட்டலாம். நான் கீழேயே நிக்கறேன்."

அன்றிரவு மின்சாரம் போனது. விளக்குகள் எரிந்தன.

சனி, இரவு. மின்சாரம் மீண்டும் போனது. இம்முறை விளக்குகள் சிறிது நேரம் எரிந்து, மஞ்சளித்து, அணைந்தன. கீழே ஜெனரேட்டர் உறுமிற்று. அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுக்களைக்குப் போய்விட்டாள். அத்தான் கைவிளக்குடன் மாடிக்கு ஓடித் திரும்பினார். கம்பி அறுபடவில்லை, தகடும் உடையவில்லை. ஆனால் கண்ணாடியில் ஏதோ பூசித் துடைத்த கறை இருந்ததாம்.

"அவன்தான். எதையோ தடவிட்டான். நாளைக்கு மீட்டிங்ல எல்லார் முன்னாடியும் கேக்கப்போறேன்."

"பாத்தீங்களா, அத்தான்?"

"பாக்கணுமா? வேற யாருக்கு லாபம்?"

ஞாயிறு, நண்பகல். அத்தான் தம் பேச்சை மனத்துக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். நான் மாடி ஏறினேன். நிறுவிய பிறகு உச்சி வெயிலில் அந்தத் தகடுகளை எங்களுள் எவரும் பார்த்ததில்லை. நாங்கள் போனதெல்லாம் பொழுது சாய்ந்த பிறகே.

நான்கு தகடுகளையும் மூடி ஒரு பழைய வெள்ளை வேட்டி விரித்திருந்தது. வேட்டி முழுவதும் மஞ்சளும் உப்பும் பிசறிய மாங்காய்த் துண்டங்கள். தண்ணீர்த் தொட்டியின் நிழலில், கையில் காக்கை ஓட்டும் குச்சியுடன், அடுக்ககமே மாசிமா, அதாவது சித்தி, என்று அழைக்கும் மூன்றாம் மாடி மூதாட்டி வீற்றிருந்தார். கணவர் துறைமுகத்தில் பணிபுரிந்த காலத்தில் தமிழ்க் குடும்பங்களிடையே வாழ்ந்தவர். அவர் தமிழ் அங்கே பிறந்தது.

"வா வா. மிதிக்காதே! நல்லா காயுது பாரு. தரையிலே அஞ்சு நாள் ஆகும். இதிலே மூணே நாள். காக்கா உக்காந்தா வழுக்குது!"

"மாசிமா, இது யாருடைய மாங்காய்?"

"யாருது? உன் அக்காவோடதுதான்! படி ஏற முடியாது, நீங்க காய வெச்சுக் குடுங்கன்னு வெள்ளிக்கிழமை காலையிலே குடுத்தா. பனி படக்கூடாதுன்னு சாயங்காலம் எடுத்துடுவேன். கண்ணாடியைத் துடைச்சும் வெச்சேனே!"

வெள்ளியன்று விளக்குகள் எரிந்தது முந்தைய நாட்களின் சேமிப்பால். சனியன்று சேமிப்பு தீர்ந்தது. சூரியனை மறைத்தது தொழிலதிபரின் சூழ்ச்சியன்று. எங்கள் வீட்டு மாங்காய் வற்றல். மாசிமாவும் நானும் வேட்டியின் நான்கு முனைகளைப் பிடித்துத் தரைக்கு இறக்கினோம். கீழே வந்து சொன்னதும் அக்கா சிரித்தாள். பல மாதங்களுக்குப் பின், இருமலில் முடியாத சிரிப்பு.

அத்தான் சிரிக்கவில்லை. நாற்காலியில் அமர்ந்து, "நல்ல வேளை, மாப்ளே," என்று மட்டும் சொன்னார்.

ஞாயிறு, மாலை. கீழ்த்தளத்தில் கூட்டம், வங்காளத்தில்; இங்கே எழுதியது அத்தானும் மாசிமாவும் எனக்குத் தமிழில் சொன்னபடி. பேச்சு தொடங்கியதும் மின்சாரம் போனது. படிக்கட்டு விளக்குகள் தயங்காமல் எரிந்தன. நண்பகலுக்குப் பின் கிடைத்த வெயிலே போதுமானதாக இருந்தது. அத்தான் எழுந்து, முந்தைய நாளின் தோல்விக்குத் தம் மனைவியின் மாங்காய் வற்றல் ஆசையே காரணம் என்றார். அவையில் எழுந்த சிரிப்பில் பிமல் பாபுவின் குரலே உரக்கக் கேட்டது. பிறகு அவர் சிரிப்பை நிறுத்தினார்.

"தாதா, உண்மையைச் சொல்லுங்க. என்னைத்தானே நெனச்சீங்க?"

"ஆமா, பிமல். உன்னைத்தான் நெனச்சேன்."

குச்சியைக் கைவிடாமல் கூட்டத்துக்கு வந்திருந்த மாசிமா அதைத் தரையில் தட்டினார். "அவன் டீசல்லே நான் காய வெக்கிற மாங்காயும் கறுக்குது. அது போகட்டும். பிமல், பூஜைக்கு உன் விளக்கு வேணும். இந்தச் சன்னலுக்குக் கீழே வேண்டாம். ரெண்டையும் ஒண்ணாச் சொல்ற வயசு எனக்கு வந்துடுச்சு, சொல்றேன்."

பிமல் பாபு படிக்கட்டு விளக்கை அண்ணாந்து பார்த்தார். "எட்டு வீடு போனா போகட்டும். கடைங்க இருக்கு. மெஷினைச் சந்தைக்குப் பின்னால நகர்த்தறேன். ஆனா கெட்டுப்போனா என்கிட்டத்தான் வருவீங்க, எழுதி வெச்சுக்குங்க."

"வருவோம்," என்றார் அத்தான். "உன்னைத் தவிர ஒயர் தெரிஞ்சவன் இங்க யாரு?"

திங்கள். காலையில் ஆறு பேர் கூடிப் பொறியை உருட்டிச் சென்றனர். அது நின்ற இடத்தில் கருநிற எண்ணெய்த் தடம் எஞ்சியது. ஹௌராவில் அக்காவின் பயணச்சீட்டைத் திருப்பிக் கொடுத்தேன். எங்கள் திருவல்லிக்கேணித் தெருவிலும் கடைதோறும் இதே பொறி உறுமுகிறது. அதைப் பற்றி நான் எவரிடமும் பேசியதில்லை என்பது ரயில் நகர்ந்தபோது நினைவுக்கு வந்தது. என் பையில் செய்தித்தாளில் பொதிந்த வற்றல் இருந்தது. அக்கா புறப்படும்போது கொடுத்தது. கொடுத்தபோது அவளுக்குப் பின்னால் படுக்கையறைச் சன்னலின் இரு கதவுகளும் திறந்திருந்தன.

நான் அறியாதவை சில உள. பிமல் பாபு இணங்கியது இரக்கத்தாலா, எட்டு வீடுகளின் இழப்பைத் தாங்கலாம் என்ற கணக்காலா என்று தெரியாது. சந்தைக்குப் பின்னால் யார் சன்னல் இருக்கிறது என்று நாங்கள் ஒருவரும் கேட்கவில்லை. அத்தான் கண்ட நகரம் வருமா என்பதும், ஆடி ஆவணி மழையில் அந்த விளக்குகள் எரியுமா என்பதும் எனக்குத் தெரியாது.