நாலு வரிக் கடிதம்

முதலிபாளையத்தில் நான் வேலை பார்த்த பனியன் கம்பெனியில் ஒரு செக்கிங் அக்கா இருந்தார். எதைக் கொடுத்தாலும் டியூப் லைட்டுக்குக் கீழே சாய்த்துப் பிடித்து, விரலால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் வைப்பார். நான் நீட்டும் வடைக்கும் அதே சோதனைதான்.

புதிதாகப் பட்டாளத்தில் சேர்ந்த அவர் மகனிடமிருந்து ஒருநாள் கடிதம் வந்தது. பயிற்சி முகாமில் போனை வாங்கி வைத்துவிட்டார்களாம். ‘நல்லா இருக்கேன், சாப்பாடு பரவாயில்ல’ என்று நாலே வரி.

அக்கா வழக்கம்போலச் சாய்த்தார். கீழே வெறுமையாக இருந்த இடத்தில் விரல் நின்றுவிட்டது. அவன் முதலில் மேல்தாளில் எழுதிக் கிழித்துப்போட்ட கடிதத்தின் பேனா அழுத்தம் அங்கே பதிந்திருந்தது. நானும் குனிந்து படித்தேன்: ‘என்னால முடியலம்மா. வந்து கூட்டிட்டுப் போயிரு.’

“உடனே கிளம்புங்கக்கா,” என்றேன்.

“வேண்டாம்னுதான கிழிச்சிருக்கான், கண்ணு. நான் படிச்சது தெரிஞ்சா கூசிப் போயிருவான்.”

சாப்பாட்டு நேரம் முழுக்க ஒரு நோட்டில் பதில் எழுதினார். அந்தத் தாளைக் கிழித்து மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். பிறகு நோட்டின் கடைசித் தாளில், ‘இங்க எல்லாரும் சௌக்கியம் சாமி’ என்று நாலு வரி எழுதினார்.

உறையில் போடுவதற்கு முன் அதையும் டியூப் லைட்டுக்குக் கீழே சாய்த்து, வெகுநேரம் தடவிப் பார்த்தார்.