சத்தமில்லாத ரம்மி

வேலைக்குப் போய்க்கொண்டே முதலீட்டுப் பகுப்பாய்வுப் பரீட்சைக்குப் படித்தேன். முதல் லெவலில் ஒருமுறை ஃபெயில். வீட்டில் படிக்க வழியில்லை. திண்டிவனத்தில் நான் ஏறும் சென்னை ரயில்தான் கதி. அதிலும் விழுப்புரத்திலிருந்தே ஒரு சீசன் டிக்கெட் கும்பல், மடியில் துண்டு விரித்து ரம்மி ஆடிக்கொண்டு வரும். ஒரே கூச்சல். இவர்களுக்கு வேறு வேலையே இல்லையா என்று எரிச்சலாக வரும்.

ஒருநாள் நின்றபடியே, ஒரு கையால் காதைப் பொத்திக்கொண்டு கடன்பத்திரக் கணக்கைப் படித்தேன். கும்பலில் மூத்தவரான மாணிக்கம் அண்ணன், "இன்னாம்மா, பரீட்சையா?" என்றார். தலையாட்டினேன்.

மறுநாள் ஜன்னலோர சீட்டில் அவருடைய கைக்குட்டை கிடந்தது. "உனக்குத்தாம்மா போட்டு வச்சேன். நீ படிச்சிக்கினு வா."

அன்றிலிருந்து ஆட்டம் முழுக்கச் சைகையில்தான். ஜோக்கர் வந்தால்கூடத் தொடையைத் தட்டிக்கொள்வார்களே தவிர, வாய் திறக்க மாட்டார்கள்.

பாஸானதும் முதலில் அவர்களிடம்தான் சொன்னேன். பெட்டியே அதிர்ந்தது. "இனிமே நாங்க கத்தலாமில்ல?" என்றார் அண்ணன்.

"இன்னும் ரெண்டு லெவல் இருக்குதுண்ணே..."

எல்லாரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அண்ணன் உதட்டில் விரலை வைத்துக் காட்டிவிட்டு, சீட்டுக்கட்டைக் கலைக்க ஆரம்பித்தார்.

என் வீட்டில் இதுவரை யாரும் எனக்காக டிவி சத்தத்தைக்கூடக் குறைத்ததில்லை.