பாளை விடாத வீடு

கமுகம்பாளை, பாக்குமரத்தின் அகன்ற மட்டை, விழும்போது ஒரு சத்தம் உண்டு. சரசரவென்று ஓலையை உரசிக்கொண்டு வந்து, கடைசியில் தரையில் 'படார்' என்று ஒன்று. இந்த வயதிலும் அதைக் கேட்டால் எனக்குச் சோறு இறங்காது.

மகாராஜா காலத்தில், பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவே எங்கள் ஊரில், நெல் குத்துவதற்கு அப்பா ஒரு நீர்ச்சக்கரம் வைத்திருந்தார். வாய்க்காலின் தலைமாட்டில் மடைப்பலகை. வளைவுக்கு அப்பால், கண்ணுக்கு எட்டாத இடத்தில் சக்கரம். காலையில் அதன்மேல் ஏறிப் பாசி வழிப்பது செல்லப்பண்ணனின் வேலை. தண்ணீர் வரப்போவது அவருக்குத் தெரியவேண்டுமே, அதற்காக அப்பா ஒரு பாளையின் உட்புறம் சுண்ணாம்புக்கோடு இழுத்து, பலகைக்கடியில் கசியும் நீரில் மிதக்கவிடுவார். அதைக் கண்டதும் செல்லப்பண்ணன் கரையேறிவிடுவார். அப்பாவோ நிதானமாக ஒரு வெற்றிலையை மென்று முடித்த பிறகுதான் பலகையைத் தூக்குவார். 'பாளை விடுதல்' என்பார்கள்.

அந்த ஆடிக்காற்றில் கமுகெல்லாம் பாளையை உதிர்த்துக்கொண்டிருந்தது. மடைக்கும் சக்கரத்துக்கும் நடுவே வாய்க்காலில் துணி துவைத்துக்கொண்டிருந்த அம்மா, கவிழ்ந்து மிதந்துவந்த ஒன்றை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். சும்மா வருவதை விடுகிறவளா அவள்? விசிறிக்கு ஆகுமென்று புரட்டினாள். சுண்ணாம்புக்கோடு. அவள் வாசலுக்கு ஓடுவதற்குள் சக்கரத்தின் பக்கமிருந்து அலறல் கேட்டுவிட்டது.

செல்லப்பண்ணனின் வலதுகாலை முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். "பாளை விடாம பலகையத் தூக்கினாராக்கும்" என்று ஊர் சொன்னது.

சாயங்காலம் அம்மா அடுப்படியில் அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "காத்துல விழுந்த பாளையாக்கும்னு எடுத்தேனே!"

"நீ வாயத் தொறக்காண்டாம். பழி என் தலையில கெடக்கட்டும்" என்றார் அப்பா. பாளையை அடுப்பில் வைத்தது அவர்தான்.

அம்மா வாயைத் திறக்கவில்லை. தினமும் செல்லப்பண்ணனுக்குச் சோறு கொண்டுபோனாள், நானும் கூடப் போவேன். "நீங்க தெய்வமாக்கும் அம்மா. அவரு ஒரு பாளை விட்டிருந்தா எனக்குக் கால் உண்டு" என்பார் அவர். அம்மா தலையைக் குனிந்துகொண்டு குழம்பு ஊற்றுவாள். பாவி, ஒருநாளாவது சொல்லியிருக்கக்கூடாதா என்று பொருமியிருக்கிறேன்.

மூவரும் இன்று இல்லை. சக்கரம் விறகாகப் போயிற்று. வாய்க்காலைத் தூர்த்து மரச்சீனிக் கிழங்கு நட்டிருக்கிறார்கள். முற்றத்தில் பாளை விழுந்தால் எங்கள் வீட்டில் யாரும் எடுப்பதில்லை, அங்கேயே மட்கும்.

போன வாரம் சந்தையில் ஒரு பையன் கேட்டான்: "நீங்க அந்தப் பாளை விடாதவரு வீடா?"

அப்பா பாளை விட்டார். அதைச் சொன்னால் அம்மாவைச் சொல்லவேண்டும்.

"ஆமா மக்கா, அந்த வீடுதான்" என்றேன்.