இரண்டு தண்ணீர்ப் பானைகள்

கோடை பிறந்துவிட்டால் எங்கள் ஆஸ்பத்திரியின் கட்டுப் போடும் அறையில் மூச்சு விட நேரம் இருக்காது. மேலூர்ப் பக்கத்து ஊர்களிலிருந்து கரிப்புகையில் ஓடுகிற பஸ்ஸிலும் மாட்டு வண்டியிலும் நரம்புச் சிலந்திக்காரர்கள் வந்து இறங்குவார்கள். ஊருணித் தண்ணீரோடு கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே போகிற புழு, ஏறக்குறைய ஒரு வருஷம் உடம்பில் வளர்ந்து, காலில் கொப்புளத்தை உடைத்துக்கொண்டு தலை நீட்டும். வெடுக்கென்று இழுத்தால் அறுந்து சீழ் வைத்துவிடும். மெல்லிய குச்சியில் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றித்தான் எடுக்க வேண்டும். அங்கே நர்ஸாக இருந்த எனக்குக் கையில் நிதானம் உண்டு, வாயில் கிடையாது. குச்சியைச் சுற்றிக்கொண்டே, தண்ணீரைத் துணியில் வடிகட்டிக் குடிக்க வேண்டும், புண்காலோடு ஊருணியில் இறங்கக் கூடாது என்று ஒவ்வொருவரிடமும் சண்டைக்கு நிற்பதுபோலச் சொல்வேன்.

அப்படி வந்தவர்களில் ஒருவர் விளைச்சலில் பங்கு பேசிப் பிறர் நிலத்தை வாரத்துக்கு உழுகிற குடியானவர். மனைவியோடு பக்கத்துச் சத்திரத்தில் தங்கிக் காலையில் கட்டுக்கு வருவார். புண் ஆறுகிற சமயத்தில் அவர் மனைவி டாக்டரிடம் பத்தியம் என்னவென்று கேட்டாள். எங்கள் பக்கத்தில் பத்தியம் இல்லாத மருந்தை யாரும் மருந்தாகவே மதிப்பதில்லை. தண்ணீரை வடிகட்டிக் குடிப்பதுதான் பத்தியம் என்று டாக்டர் சிரித்துக்கொண்டே சொன்னார். அவள் பயபக்தியோடு தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். ஒருத்தியாவது காது கொடுக்கிறாளே என்று எனக்கும் சந்தோஷமாக இருந்தது.

அடுத்த வருஷம் பங்குனியில் அவளே நொண்டிக்கொண்டு வந்தாள். பின்னால் புருஷன், தோளில் மூன்று வயதுப் பெண் குழந்தை. அவள் கணுக்காலில் கொப்புளத்தைப் பார்த்ததும் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. படித்துப் படித்துச் சொல்லி அனுப்பினேனே, எல்லாம் இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டாயா என்று கத்திவிட்டேன்.

புருஷன்தான் குறுக்கே வந்தார். "அவளை வையாதீங்கம்மா. ஒரு நா தவறாம வடிச்சுத்தான் குடுத்தா. எங் காலைப் பாருங்க."

பார்த்தேன். பழைய தழும்பைத் தவிர ஒன்றுமில்லை. எனக்குக் குழப்பமாகிவிட்டது. அப்புறம் மெல்ல விசாரித்ததில் விஷயம் வெளியே வந்தது. வீட்டில் இரண்டு பானைகள் வைத்திருந்தாள். ஒன்று வடிகட்டிய தண்ணீர், அவருக்கு. மற்றது ஊருணியில் மொண்டபடியே, அவளுக்கு.

"பத்தியத் தண்ணி நோக்காட்டுக்காரவுகளுக்குத்தானேம்மா? நான் நல்லாத்தானே இருந்தேன்" என்றாள்.

பத்தியம் என்றால் நோயாளிக்கு மட்டும் என்பது அவள் பிறந்தது முதல் கண்ட வழக்கம். அதை அவள் ஒரு மயிரிழை பிசகாமல் செய்திருக்கிறாள். நோய் வராமலிருக்க நாங்கள் சொல்வது கேட்கிறவர்கள் காதில் மருந்தாகப் போய்ச் சேருகிறது என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. கத்தியதை நினைத்து வெட்கப்படக்கூட நேரமில்லை. ஏனென்றால் அதற்குள் அடுத்த கேள்வியைக் கேட்டுவிட்டேன். குழந்தை எந்தப் பானையில் குடித்தது?

அவளுக்கும் அது அப்போதுதான் புரிந்தது. முகம் வெளிறிவிட்டது. குழந்தை தாயோடு சேர்ந்து அந்த இரண்டாவது பானையில்தான் குடித்திருந்தது. இப்போதே ஒரு ஊசி போட்டுவிடச் சொல்லி என் கையைப் பிடித்துக்கொண்டாள். அதற்கு ஊசியும் இல்லை, மருந்தும் இல்லை. உள்ளே போயிருந்தால் ஒரு வருஷத்துக்குள் வெளியே வரும், காத்திருக்கத்தான் வேண்டும் என்று சொன்னேன். அப்புறம் தன் காலில் புழுவைச் சுற்றிய நாளெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு சத்தமும் போடாதவள், அன்றைக்கு அதைக் கேட்டு விசும்பி விசும்பி அழுதாள்.

ஊருக்குப் புறப்படுகிற அன்று, இனிமேல் பிள்ளைக்கும் வடித்துக் கொடுக்கிறேன் என்றாள்.

"உனக்கு?"

"எனக்குத்தான் வந்துட்டுப் போயிருச்சே."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் இந்தத் தடவை வாயை அடக்கிக்கொண்டு, சோறாக்கும்போது புருஷனுக்குக் கல் பொறுக்கிய அரிசி, உனக்குக் கல்லும் மண்ணுமாகத் தனி உலையா வைக்கிறாய் என்று கேட்டேன். அவள் சிரித்துவிட்டாள்.

"தனி உலை எவ வைப்பா?"

"தண்ணிக்கும் அப்படித்தான் தாயி. ஒரே பானை. இன்னொண்ணை மாட்டுக்குக் கழனித் தண்ணி ஊத்த வச்சுக்க."

தலையாட்டினாள். போன தடவையும் இப்படித்தான் தலையாட்டினாள் என்பதால் எனக்கு நம்பிக்கை வரவில்லை. அந்த வருஷம் முழுக்க எந்தக் குழந்தை நொண்டிக்கொண்டு வந்தாலும் அவள் பிள்ளையோ என்று முதலில் முகத்தைத்தான் பார்ப்பேன்.

மறு வருஷம் சித்திரைத் திருவிழாவில், வைகைக் கரையில் ஒரு தண்ணீர்ப் பந்தலில் அவர்களைக் கண்டேன். கூட்டத்தில் அவர்களுக்கு என்னைத் தெரியவில்லை. என் கண் நேராகக் குழந்தையின் கால்களுக்குப் போனது. புழுதி படிந்த, வெறும் கால்கள். கொப்புளமும் இல்லை, தழும்பும் இல்லை. நின்ற இடத்திலேயே கடவுளைக் கும்பிட்டேன்.

அவள் இடுப்பிலிருந்து ஒரு வெள்ளைத் துணியை உருவி, இரட்டையாக மடித்துச் செம்பின் வாயில் பிடித்தாள். பந்தல்காரர் எங்கள் தண்ணீரில் என்ன குறை என்று முணுமுணுத்தார். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. குழந்தைக்கு வடித்துக் கொடுத்தாள். புருஷனுக்கு வடித்துக் கொடுத்தாள். பிறகு துணியைப் பிழிந்தாள்.

அவ்வளவுதான், இடுப்பில் செருகிக்கொண்டு பானைத் தண்ணீரை அப்படியே வாங்கிக் குடிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். என் வாய் கத்துவதற்குத் தயாராகிவிட்டது.

அவள் துணியை உதறி மறுபடியும் மடித்தாள். நிதானமாகத் தனக்கும் ஒரு செம்பு வடித்துக் குடித்தாள்.