பொட்டலம் நீட்டிய சிப்பாய்

குற்றாலத்தில் சாரல் காலத்தில் எதைக் கடை பரப்பினாலும் விற்றுவிடும். எண்பத்தேழில் நான் பட்டாளத்தைக் கடை பரப்பினேன்.

அருவிக்குப் போகும் பாதையில் எனக்கு ஒரு போட்டோ ஸ்டுடியோ இருந்தது. வீடு தென்காசியில். அதுவரை வாசலில் விமானப் பலகைதான் வைத்திருந்தேன். ஒட்டுப்பலகையில் விமானம் வரைந்து, சன்னல் இருக்கிற இடத்தில் ஓட்டை போட்டிருக்கும். பின்னால் நின்று முகத்தை நீட்டினால் பறக்கிற மாதிரி படம் வரும். அந்த வருடம் நம் பட்டாளம் இலங்கைக்குப் போனது. வானொலியைத் திறந்தால் சமாதானம், பத்திரிகையைப் பிரித்தால் மாலை மரியாதை. எனக்கு வியாபார மூளை வேலை செய்தது. சுவர் விளம்பரம் எழுதுகிற பெயிண்டரைப் பிடித்து, ஒரு சிப்பாய் சாப்பாட்டுப் பொட்டலத்தை நீட்டுவது போலவும், எதிரே ஒரு பெண் அவனைக் கையெடுத்துக் கும்பிடுவது போலவும் புதுப் பலகை வரையச் சொன்னேன். இரண்டு பேருக்கும் முகம் கிடையாது, ஓட்டைதான். புருஷன்மார் சிப்பாயாக நின்றார்கள். வீட்டில் கும்பிடாத பெண்டாட்டி இங்கேயாவது கும்பிடட்டும் என்று கேலி பேசிக்கொண்டே வரிசை கட்டினார்கள்.

அடுத்த சாரலுக்குள் அங்கே கதை மாறிவிட்டது. சமாதானம் பண்ணப் போன பட்டாளம் சண்டை போட்டுக்கொண்டிருந்தது. டீக்கடையில் ஆளுக்கொரு விதமாகச் சொன்னார்கள். நான் வானொலியின் கட்சி. கேப்பையில் நெய் வடிகிறது என்றால் கேட்பவனுக்கு மதி எங்கே போச்சு என்று மற்றவர்களைக் கேட்கிற வாய் எனக்கு. என் மதி எங்கே போயிற்று என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. பலகை ஓடிக்கொண்டிருந்தது, அதற்குத் தோதான செய்தியை நம்பினேன். அவ்வளவுதான் என் அரசியல்.

அப்போதுதான் ஒரு நாள் காலையில் அந்தப் பெண் வந்தார். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். பக்கத்து அகதி முகாமில் இருப்பதாகச் சொன்னார். பிளாஸ்டிக் பைக்குள் பை சுற்றிக் கொண்டுவந்திருந்த ஒரு கல்யாணப் படத்தை எடுத்து, மாப்பிள்ளையைத் தொட்டுக் காட்டினார்.

"அண்ணை, இதில இவற்ற முகத்தை மட்டும் தனியா எடுத்துத் தருவீங்களோ? அஞ்சு கொப்பி வேணும்."

ஐந்து பிரதி எதற்கு என்று கேட்டேன். சமாதானம் வந்துவிட்டது, இனி ஊர் திரும்பலாம் என்று வானொலியில் சொன்னதைக் கேட்டு, வீட்டைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று கணவர் மட்டும் முன்னால் போயிருக்கிறார். போன இடத்தில் அவரைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். வீடு எரிந்ததில் அங்கே ஒரு படம்கூட மிஞ்சவில்லை. அவருடைய தாயார், பிடித்தவர்களை அடைத்து வைக்கிற முகாம்களில் மகனைத் தேடி அலைகிறாராம்.

"மாமி காம்ப் காம்பா ஏறி இறங்கிறா. படம் இல்லாமல் ஒருத்தரும் கதைக்கினமில்லை. நாளைக்கு ஒராள் அங்க போகுது, குடுத்து விடவேணும்."

"யாரும்மா பிடிச்சிட்டுப் போனது?"

"உங்கட ஆமிதான்."

அதோடு நான் வாயை மூடியிருக்கலாம். "நம்ம பட்டாளம் அப்படியெல்லாம் செய்யாதும்மா. வேற எவனாவது அந்த உடுப்பப் போட்டுட்டு வந்திருப்பான். ரேடியோவுல தெளிவா சொல்லுதான்லா" என்றேன். புருஷனைப் பறிகொடுத்தவளுக்கு நான் குற்றாலத்தில் உட்கார்ந்துகொண்டு விளக்கம் சொன்னேன். அவர் படத்தை மட்டும் மேசையில் என் பக்கமாகத் தள்ளி வைத்தார்.

சீசன் கூட்டம், மூன்று நாள் ஆகும் என்றேன். அவர் அழவில்லை, கெஞ்சவும் இல்லை, நகரவும் இல்லை.

அந்த நேரம் பார்த்து பாவூர்சத்திரம் காய்கறிச் சந்தை வியாபாரி ஒருவர், உடம்பெல்லாம் எண்ணெய் மினுங்க, துண்டோடு வந்து நின்றார். சிப்பாயாகப் படம் எடுக்க வேண்டுமாம். கும்பிடுகிற ஓட்டைக்கு ஆள் இல்லை.

"வீட்ல வரல அண்ணாச்சி. ஓட்டையோடயா எடுப்பிய? நல்லாவா இருக்கும்?"

நான் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். அந்த யோசனை எனக்கு எப்படி வந்தது என்று இத்தனை வருடம் கழித்தும் என்னால் சொல்ல முடியவில்லை. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, என் சொந்தப் புத்திதான்.

"நீங்க ஒரு நிமிஷம் பின்னால நில்லுங்கம்மா. சாயங்காலத்துக்குள்ள உங்க வேலைய முடிச்சுத் தாரேன்."

அவர் பலகையைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுப் பின்னால் போனார். சிலோன்காரப் பெண் என்று தெரிந்ததும் வியாபாரிக்கு வாயெல்லாம் பல். "நிஜ ஆளே கெடச்சிட்டாவளே" என்றார். கும்பிடுகிற ஓட்டையில் அந்தப் பெண்ணின் முகம் வந்தது. சிரிங்க என்று நான் சொன்னேன். அதையும் சொன்னேன்.

சொன்னபடி சாயங்காலம் ஐந்து படங்களைக் கொடுத்தேன். வேலையில் குறை வைக்கவில்லை. மணமகனின் தோளில் விழுந்திருந்த மாலையைத் தூரிகையால் டச்சிங் செய்து மறைத்து, முகத்தைத் துலக்கமாக்கி இருந்தேன். ஈரம் காயாத படங்களை அவர் முந்தானையில் ஏந்திக்கொண்டு போனார். மனிதன் அதோடு விட்டிருக்க வேண்டும். நான் பலகைப் படத்தைப் பெரிதாக்கி, 'இலங்கைச் சகோதரியின் நன்றி' என்று எழுதி, வாசல் கண்ணாடிப் பெட்டியில் மாட்டினேன். அதைப் பார்த்துக் கூட்டம் இன்னும் கூடியது.

இரண்டு வாரம் கழித்து அவர் மறுபடி வந்தார். முகாமில் யாரோ படத்தைப் பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள்.

"அண்ணை, அதை எடுத்து விடுங்கோ."

"சீசன் முடியட்டும்மா, எடுத்திருதேன். இதுல என்ன தப்பு? பொட்டலம் குடுக்கது நல்ல காரியம்தான?"

அவர் குரலை உயர்த்தவில்லை.

"சாப்பாட்டுச் சாமான் குடுக்கிறம், வந்து வாங்குங்கோ எண்டு ஆமிக்காரர் ஸ்பீக்கரில சொன்னவை. வரிசையில நிண்ட ஆம்பிளையளை அப்பிடியே ஏத்திக்கொண்டு போனவை. இவர் பையோட நிண்டவராம்."

முதல் நாள் அவர் பலகையை ஏன் அவ்வளவு நேரம் பார்த்தார் என்று அப்போதுதான் விளங்கியது. விளங்கியும் நான் என்ன செய்தேன்? பலகைக்குப் பின்னால் ராயகிரியிலிருந்து வந்த ஒரு புது ஜோடி முகத்தை நீட்டிக்கொண்டு காத்திருந்தது. "அண்ணாச்சி, கழுத்து வலிக்கி" என்று மாப்பிள்ளை கூப்பிட்டான். கொஞ்சம் நில்லுங்கம்மா என்று அவரிடம் சொல்லிவிட்டு கேமராவுக்குப் போனேன். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பதைவிட எனக்கு அது சுலபமாக இருந்தது. ஜோடி சிரித்தது. எடுத்தேன். சரியாக வராவிட்டால் என்ன செய்வது என்று இன்னொன்றும் எடுத்தேன்.

திரும்பிப் பார்த்தபோது அவர் இல்லை. பாதையில் ஓடிப் பார்த்திருக்கலாம். கூட்டத்தில் எங்கே தேடுவது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவருடைய கணவர் கிடைத்தாரா என்று எனக்குத் தெரியாது. முகாம் நடந்து போகிற தூரம்தான். நான் ஒரு நாளும் போய்க் கேட்கவில்லை. அந்தப் படம் சாரல் ஓய்ந்து கடையடைக்கும் வரை கண்ணாடிப் பெட்டியில்தான் இருந்தது.